உடனிருந்தோர்

பிலோமினா இறந்துபோவதற்குப் பதினேழு நாட்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலையில், மங்களேஸ்வரி தன் மேசையில் உட்கார்ந்து நூற்று நாற்பத்து மூன்று திருத்தங்களுக்கு ஒப்புதல் கொடுத்தாள். அவளுக்கு அது வழக்கமான நாள்தான்.

அவள் வேலை பார்த்தது முத்துக்கழி மாநகராட்சியின் சிறு திருத்தப் பிரிவில். கடல் ஏறிக் கரையோர ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு, உள்நாட்டுப் பொட்டல் காட்டில் முகாம்களாகத் தொடங்கி நகரமாக வளர்ந்த இடம் முத்துக்கழி. எட்டு லட்சம் பேர் வந்து இறங்கிய அந்தக் காட்டில் அதிகாரிகள் என்று சொல்ல நாற்பது பேர்கூட இல்லை. அதனால் நகரத்தின் விதிகளை எல்லாம் ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. மக்கள் அதை ஏடு என்றுதான் சொன்னார்கள். எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எந்தத் தெருவில் கடை வைக்கலாம், யார் வீட்டுக்கு எத்தனை குடம் தண்ணீர், யாரை எங்கே அடக்கம் செய்யலாம், எல்லாம் ஏட்டில் இருந்தது. அதில் எழுதியிருப்பதைக் கதவுகளும் குழாய்களும் வண்டிகளும் நேராகப் படித்து, அப்படியே செய்தன. நடுவில் ஆள் கிடையாது.

ஆள் இல்லாததை மக்கள் விரும்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிலோமினாவே அடிக்கடி சொல்வாள், யாரிடமும் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம், ஏட்டுக்கு முன்னால் மந்திரி வீடும் ஒன்றுதான், நம் வீடும் ஒன்றுதான் என்று. அது உண்மையும்கூட.

விதியின் பொருள் மாறுவதாக இருந்தால் அதை மாநகர மன்றம் கூடி முடிவு செய்ய வேண்டும். எழுத்துப்பிழை, இரட்டித்து வந்த சொல், மாறிப்போன பிரிவு எண், பெயர் மாறிய தெரு, இவற்றுக்கு மன்றம் தேவையில்லை. ஏடே அவற்றைக் கண்டுபிடித்து வரிசையாக அனுப்பும். மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதற்காக மூன்று பேர் கொண்ட ஒரு பிரிவு, அதற்குத் தலைவராகத் திருமேனி என்று ஒருவர்.

அது எப்போதும் சாதாரண வேலையாகவே இருந்துவிடவில்லை. போன வருடம் சந்தை விதியில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்ததில், கீரை விற்பவர்கள் திடீரென்று பூ விற்பவர்களிடமிருந்து பிரிந்து, அவர்களுடைய மேடைகளுக்கு மட்டும் விளக்கு அணைந்துபோனது. மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மங்களேஸ்வரி ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தாள். பிறகு அந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வரும்போது யாரால் முடியும்.

அந்தத் திங்கட்கிழமை வந்தவற்றில் தொண்ணூற்றேழாவது இப்படி இருந்தது: அடக்க விதிகள், ஒன்பதாம் விதி, நான்காம் உட்பிரிவு. ‘உடனிருந்தோர்’ என்பது ‘உடன்பிறந்தோர்’ என இருக்க வேண்டும். தொகுப்பில் வேறு நாற்பத்தோரு இடங்களில் ‘உடன்பிறந்தோர்’ என்றே உள்ளது. மன்றத்தின் கையெழுத்து வரைவிலும் அப்படியே. வகை: எழுத்துப்பிழை.

அன்று காலை வீட்டில் பிலோமினா புது மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்திருந்தாள். அவளை விட்டுவிட்டு வந்தோமே என்ற நினைப்பிலேயே மங்களேஸ்வரி விரலை அழுத்தினாள். நான்கு வினாடி. தொண்ணூற்றெட்டாவது வந்தது.

*

மங்களேஸ்வரியும் பிலோமினாவும் உறவுக்காரர்கள் இல்லை. ஒரே ஊர்க்காரர்களும் இல்லை. இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு, மூன்றாம் முகாமில், தனி ஆளுக்கு ரேஷன் அட்டை கிடையாது என்றார்கள். குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து ஒரு குடும்பமாகப் பதிந்தால்தான் கூடாரம். வரிசையில் மங்களேஸ்வரிக்கு முன்னால் நின்றிருந்த பெண் திரும்பிப் பார்த்து, “நீயும் ஒத்தையா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். அப்போது மங்களேஸ்வரிக்கு இருபத்தொரு வயது. பிலோமினாவுக்கு இருபத்தைந்து.

முகாமில் பாதிப்பேர் அப்படிச் சேர்ந்தவர்கள்தான். அண்ணன் தம்பி இல்லாத இரண்டு ஆண்கள், பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியும் தாயைப் பறிகொடுத்த ஒருத்தியும், கணவன் மனைவி ஆகாத ஆணும் பெண்ணும். யாராவது இறந்தால் எடுத்துப் போடுவதற்கு யார் உரிமை என்ற கேள்வி வந்தபோது, விதியில் ‘பெற்றோர், துணைவர், மக்கள், உடனிருந்தோர்’ என்று இருந்தது எல்லோருக்கும் வசதியாகப் போனது. நாளடைவில் அது பேச்சிலும் வந்துவிட்டது. மாமா, சித்தி என்று சொல்வது போல, இவர் எனக்கு உடனிருந்தவர் என்று சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடுவார்கள்.

முகாம் இருந்த இடத்திலேயே பிறகு வீடுகள் எழும்பின. இரண்டு அறை வீடு ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. பிலோமினா பேருந்துப் பணிமனையில் இருக்கைகள் தைத்தாள். மங்களேஸ்வரி படித்துப் பரீட்சை எழுதி மாநகராட்சியில் சேர்ந்தாள். நடுவில் மங்களேஸ்வரி கல்யாணம் செய்துகொண்டு போனாள். மூன்று வருடம் கழித்து ஒரு பையோடு திரும்பி வந்தபோது பிலோமினா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, இடத்தைக் கூட்டினாள். அதற்குப் பிறகு இருவரும் மீன் குழம்புக்கு மாங்காயா புளியா என்பதற்கும், ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்பதற்கும் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இரண்டு வருடமாகப் பிலோமினாவுக்கு இதயம் வீங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியில், பேருந்தில், அவளே தைத்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பிலோமினா சொன்னாள்:

“எனக்கு மண்ணுதான் புள்ள. நெருப்பு வேணாம். எங்க ஆளுங்க ஆறு பேரு தண்ணியோட போனாங்க. ஒருத்தருக்கும் குழி இல்ல, சிலுவை இல்ல. நானாவது ஒரு எடத்துல பேரோட கெடக்கணும்.”

மங்களேஸ்வரி சரி என்றாள். அதில் செய்ய முடியாதது ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

*

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பிலோமினா இறந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்ட மூன்றாவது நிமிடம் வண்டி வந்திருந்தது. எல்லாத் தெருவிலும் விளக்கு பச்சையாக மாறி வழிவிட்டிருந்தது. மருத்துவமனையில் ஒரு குறையும் இல்லை. மங்களேஸ்வரி அலுவலகத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது முகத்தைத் துடைத்து, கண்ணை மூடி வைத்திருந்தார்கள். கை இன்னும் சூடாக இருந்தது. அரை மணி நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு உடலை விதிப்படி அடக்க மனைக்குக் கொண்டுபோனார்கள். இவள் வீட்டுக்குப் போய் பிலோமினாவின் நீலப் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு அடக்க மனை வாசலுக்குப் போனாள்.

வாசலில் இருந்த திரை, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டது.

“உடனிருந்தவ” என்றாள்.

“அப்படி ஒரு வகை விதியில் இல்லை” என்றது ஏட்டின் குரல். மரியாதையான, அவசரப்படாத குரல். “பெற்றோர், துணைவர், மக்கள், உடன்பிறந்தோர். இவர்களில் நீங்கள் யார்?”

தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று மங்களேஸ்வரி திருத்திச் சொன்னாள். மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை அந்த நான்கு சொற்களையும் அது நிறுத்தி நிறுத்திச் சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கியது. தொண்ணூற்றேழாவது. அது எந்தத் திரையில், எந்த இடத்தில், என்ன நிறத்தில் இருந்தது என்பதுகூட அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. கையில் இருந்த புடவைப் பையைக் கீழே வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடக்க மனையில் மனிதர் என்று இருந்தது வேலப்பன் ஒருவர்தான். குழி தோண்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவதும் புல் வெட்டுவதும் அவர் வேலை. அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நீங்க பத்தாவது ஆளும்மா” என்றார். “ரெண்டு வாரமா இப்படித்தான். எல்லாரும் முகாம்ல சேர்ந்தவங்க. நேத்து ஒரு பெரியவரு, கூட்டாளிக்காக வந்து பொழுது சாயற வரைக்கும் நின்னாரு. உள்ள விடல. யாரோ ஆபீஸ்ல என்னமோ மாத்திட்டாங்களாம்.”

அந்த யாரோ தான்தான் என்று மங்களேஸ்வரி அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒன்பது பேரின் உடல்களும் என்ன ஆயின என்று மட்டும் கேட்டாள். உரிமை கோர ஆள் இல்லாத உடலை இருபத்து நான்கு மணி நேரம் வைத்திருப்பார்கள், பிறகு மின் தகனம், சாம்பலை எல்லாம் ஒன்றாகக் கலந்து நகரத்து மர வரிசைக்கு உரமாகப் போடுவார்கள் என்று அவர் சொன்னார். இறந்தவரின் விருப்பத்தைச் சொல்வதானாலும் உரிமை உள்ளவர்தான் சொல்ல வேண்டும்.

மங்களேஸ்வரி மறுபடி திரைக்கு முன்னால் போய் நின்றாள். தான் பிலோமினாவின் தங்கை என்றாள். திரைக்குக் கீழே ஒரு சிறிய குழி திறந்தது, விரலை வைக்கச் சொன்னது. ரத்தத்தைப் பார்க்கும் என்று தெரியும். தெரிந்தும் வைத்தாள். சுருக்கென்று ஒரு குத்து. ஒரு நிமிடம் கழித்து, இறந்தவருக்கும் உங்களுக்கும் ரத்த உறவு இல்லை, தவறான தகவல் ஒரு முறை மன்னிக்கப்படுகிறது என்று ஏடு சொன்னது.

*

இரண்டு மணிக்கு அவள் அலுவலகத்தில் திருமேனியின் அறையில் இருந்தாள். திருமேனிக்கு ஓய்வுபெற இரண்டு மாதத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. மெலிந்த, அதிர்ந்து பேசாத மனிதர். அவரும் முகாமிலிருந்து வந்தவர்தான். பிலோமினாவை அவருக்குத் தெரியும். மங்களேஸ்வரி நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவர் அந்தத் திருத்தத்தைத் திரையில் வரவழைத்தார். பக்கத்திலேயே முதல் மன்றத்தின் வரைவும் வந்தது. மங்கிப்போன தாள், நீல மை, யாருடைய கையெழுத்தோ. அதில் தெளிவாக ‘உடன்பிறந்தோர்’ என்றுதான் இருந்தது. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த பிரதியில்தான் ‘உடனிருந்தோர்’.

அப்படியானால் இருபத்தாறு வருடமாக இந்த நகரம் தன் ஆட்களை எடுத்துப் போட்டதெல்லாம் யாரோ தப்பாகத் தட்டிய ஒரு சொல்லை வைத்துத்தானா என்று மங்களேஸ்வரி நினைத்தாள். ஆனால் நின்று யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை.

ஒப்புதலைத் திரும்பப் பெற முடியுமா என்று ஏட்டைக் கேட்டாள்.

“முடியும்” என்றது ஏடு. “அந்தச் சொல்லை எழுதியவர், தெரிந்தே எழுதினேன் என்று வாக்குமூலம் தர வேண்டும். தெரிந்தே எழுதியது எழுத்துப்பிழை ஆகாது. பிழை இல்லை என்றால் அதைத் திருத்த இந்தப் பிரிவுக்கு அதிகாரம் இல்லை. திருத்தம் உடனே செல்லாமல் போகும். எழுதியவர் இல்லை என்றால் மன்றம் முடிவு செய்யும். அடுத்த கூட்டம் முப்பத்தெட்டு நாள் கழித்து.”

தட்டச்சு செய்தவர் யார் என்று கேட்டாள். பெயர் பதிவாகவில்லை என்றது.

மங்களேஸ்வரி திருமேனியைப் பார்த்தாள். “சார், நீங்க அப்ப முகாம்லதான இருந்தீங்க. மன்றத்துக்கு யாரு டைப் பண்ணாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

திருமேனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பத்துப் பன்னெண்டு பேர் பண்ணாங்கம்மா. யாரு எவருன்னு இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது.”

அவள் அன்று பொழுது சாயும் வரை அலைந்தாள். கோயில் பாதிரியார் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஏடு அதைப் படித்துவிட்டு, எழுதியவர் நான்கு வகையில் எதிலும் இல்லை என்றது. வார்டு உறுப்பினர் கண்கலங்கினார். அவசரமாக மன்றத்தைக் கூட்ட விதியில் இடமில்லை என்றார். யாரும் அவளிடம் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அடக்க மனையின் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே போக உறவினருக்குத்தான் அனுமதி. மின் தகனத்தில் புகை வராது, சத்தம் வராது. சுவரில் ஒரு பலகை மட்டும் உண்டு. முப்பத்தொன்று என்பது பிலோமினாவுக்குக் கொடுத்திருந்த எண். பத்து இருபதுக்கு அதில் ‘முப்பத்தொன்று – நடைபெறுகிறது’ என்று வந்தது. திருமேனி எப்போது வந்தார் என்று தெரியவில்லை, சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு இவ்வளவு இரக்கமா என்று மங்களேஸ்வரிக்கு அந்த நிலையிலும் தோன்றியது. அவளுக்கு அழுகை வரவில்லை. நீலப்புடவை கையிலேயே இருந்தது. பதினொன்று பத்துக்குப் பலகையில் ‘முப்பத்தொன்று – நிறைவு’ என்று வந்தது. பிறகு முப்பத்திரண்டு வந்தது.

*

முப்பத்தெட்டு நாள் கழித்து மன்றம் கூடியது. அதற்குள் இன்னும் ஏழு பேர் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். மங்களேஸ்வரி எழுந்து நின்று, ஒப்புதல் கொடுத்தது நான்தான் என்றாள். தலைவர் அவளை உட்காரச் சொன்னார். நடைமுறையில் தவறு ஒன்றும் இல்லை, அலுவலர் தன் கடமையைச் செய்திருக்கிறார் என்று குறிப்பில் எழுதச் சொன்னார். யாராவது ஒருவர் ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். ‘உடனிருந்தோர்’ என்ற சொல்லைச் சேர்க்கும் தீர்மானம் மூன்று நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேறியது. அன்று மாலையே வாசலில் கதவு திறந்தது, வேறு யாருக்கோ.

பிலோமினாவின் சாம்பலைத் தரச் சொல்லி அவள் மனுக் கொடுத்தாள். அது ஏற்கனவே மர வரிசையில் போடப்பட்டுவிட்டது, எந்த வரிசை என்று பிரித்துச் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. அன்றே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

திருமேனி ஓய்வுபெறுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, சாப்பாட்டு வேளையில், அவளை அறைக்கு அழைத்தார். மேசையில் அவருடைய டிபன் பெட்டி திறக்காமலே இருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார்.

“அதை அடிச்சது நான்தாம்மா” என்றார்.

எதைச் சொல்கிறார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார். மூன்றாம் முகாமில் முதல் கோடையில் ஒரு கிழவி இறந்துபோனாளாம். அவளோடு கூடாரத்தில் இருந்தது ஊமைப்பெண் ஒருத்தி. உறவு இல்லை என்று அந்தப் பெண்ணை ஒதுக்கிவிட்டு, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாயைத் திறந்து கேட்கவும் முடியாமல் அவள் வண்டித் தடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அடக்க விதி வரைவு இவர் மேசைக்கு வந்தது. “கை தவறி விழுந்த எழுத்து இல்லம்மா. தெரிஞ்சேதான் அடிச்சேன். யாரும் கவனிக்கல. கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

மங்களேஸ்வரி கேட்டாள்: “அன்னைக்கு ரெண்டு மணிக்கு இதை ஏன் சார் சொல்லல?”

“ஒண்ணுன்னா சொல்லியிருப்பேன். இன்னொண்ணும் இருக்கு.” அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. “நில வகைப்பாட்டுல முகாம் நிலத்தை தற்காலிகக் குடியிருப்புன்னு எழுதிக் குடுத்தாங்க. நான் தற்காலிகத்தை விட்டுட்டு அடிச்சேன். தற்காலிகம்னா இருபத்தஞ்சு வருசம்தான். முடிஞ்சு போச்சு. ஒரு சொல்லைத் தெரிஞ்சே மாத்தினேன்னு வாக்குமூலம் குடுத்தா, நான் அடிச்ச பக்கம் எல்லாத்தையும் ஏடு புரட்டும். அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்கும். எழுதின சொல்லுக்குத்தான் வாக்குமூலம் செல்லும்; தெரிஞ்சே விட்டதுன்னு ஆனா, வர்ற திருத்தத்தை யாரும் மறுக்க முடியாது. நாப்பதாயிரம் வீடும்மா. கதவு பூட்டும், தண்ணி நிக்கும். உங்க வீடும் அதுல ஒண்ணு.”

“பிலோவும் அந்த வீட்லதான் சார் இருந்தா” என்றாள் மங்களேஸ்வரி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தான் எடை போட்டது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் அழைத்தது அதற்காக மட்டும் இல்லை. ஏடு இப்போது பழைய வரைவுகளை ஒவ்வொரு அத்தியாயமாக ஒப்பிட்டுக்கொண்டு வருகிறது, அடக்க விதி முடிந்தது, நில வகைப்பாட்டுக்கு இன்னும் பத்து நாளில் வந்துவிடும் என்றார். “அப்ப நான் இருக்க மாட்டேன். உங்க மேசைக்குத்தான் வரும். கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. தெரியும்.”

மங்களேஸ்வரி எழுந்து வந்துவிட்டாள். அவருடைய வழியனுப்பு விழாவுக்குப் போகவில்லை. மாலையும் கேக்கும் வைத்திருந்த மேசையைக் கடந்து, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

*

அது பதினோராவது நாள், புதன்கிழமை வந்தது. அன்றைய வரிசையில் ஐம்பத்திரண்டாவது. இரண்டாம் பட்டியல், பதினோராம் வரிசை, முகாம் நிலம். ‘குடியிருப்பு’ என்பது ‘தற்காலிகக் குடியிருப்பு’ என இருக்க வேண்டும். மூல வரைவில் உள்ள சொல் விடுபட்டுள்ளது. வகை: எழுத்துப்பிழை.

அவள் விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு நல்ல எண்ணங்கள் வரவில்லை. அழுத்திவிடலாம் என்றுதான் தோன்றியது. யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், அலுவலர் தன் கடமையைச் செய்திருக்கிறார் என்று எழுதிக்கொள்வார்கள். திருமேனியின் வீடும் முகாம் நிலத்தில்தான் இருக்கிறது. அவரும் ஒரு நாள் ஒரு வாசலில் நின்று பார்க்கட்டும். அந்த இரண்டு அறைகள் இல்லாமல் போனால்கூட நல்லதுதான், தினமும் போய் அந்தக் கட்டிலைப் பார்க்க வேண்டாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். உதவி தேவையா என்று ஏடு கேட்டது. வேண்டாம் என்றாள்.

பிறகு பிலோமினாவுக்காக ஓடிப்போய் வண்டியைக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஞாபகம் வந்தது. அவளுக்கு மூன்று குழந்தைகள். மங்களேஸ்வரி ‘மறுப்பு’ என்பதை அழுத்தினாள்.

இத்தனை வருட வேலையில் அவள் மறுத்தது மிகக் குறைவு. ஒப்புதல் கொடுத்ததைத் திரும்பப் பெறத்தான் வாக்குமூலமும் மன்றமும் வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் மறுப்பதானால் ஒரு சிறிய கட்டம் திறக்கும், அதில் காரணம் எழுத வேண்டும். அவள் ‘பிழை இல்லை’ என்று எழுதினாள். பொய். அவள் கைப்பட எழுதிய முதல் பொய்.

“ஏற்கப்பட்டது” என்றது ஏடு. “மறுக்கப்பட்ட திருத்தம் ஓராண்டுக்குப் பின் மீண்டும் பரிசீலனைக்கு வரும்.” ஐம்பத்து மூன்றாவது வந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. இவ்வளவுதானா என்று உட்கார்ந்திருந்தாள். இரண்டே சொற்கள். அந்தத் திங்கட்கிழமை காலையும் இதே கட்டம் இங்கேதான் இருந்தது. இதே இரண்டு சொற்களை எழுதியிருந்தால் போதும், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

ஓய்வுபெற அவளுக்கு இன்னும் பதின்மூன்று வருடம் இருந்தது. பதின்மூன்று முறை அது வரும். அந்த நாளில் இந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்தால், நான்கு வினாடி போதும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாற்றல் கேட்டுக் கொடுத்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பினாள். அதற்கும் ஒரு காரணம் கேட்டது. சொந்தக் காரணம் என்று எழுதினாள்.

மாலை ஐந்தரைக்கு வழக்கமான பேருந்தில் போனாள். முகாம் நிறுத்தத்தில் இறங்கினாள். தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்து கடைசிப் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வந்துட்டீங்களாக்கா என்று கேட்டாள். வந்துட்டேன் என்றாள் மங்களேஸ்வரி. வீட்டுக் கதவு அவளை அடையாளம் கண்டு தானாகத் திறந்தது. அவள் உள்ளே போய், விளக்கைப் போடாமல், சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்தாள்.